ஆறாயிரத்து இருநூறு ரூபாய் ஹெல்மெட்டும் புன்னைநல்லூர் மொட்டையும்

என் அம்மா வேம்பு, இருபத்தெட்டு வருஷம் பின்பக்கமாக நடந்து சம்பாதித்தவள். நடவு வேலை அப்படி. முன்னால் நடந்தால் நட்ட நாற்றையே மிதிக்க வேண்டிவரும். குனிந்து, நட்டு, ஓரடி பின்னால் வைத்து, மறுபடி குனிய வேண்டும். கூட்டிப் பார்த்தால், சாலியமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து வேதாரண்யம் கடற்கரை வரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டே நாலைந்து தடவை போய்வந்திருப்பாள். அப்படிப்பட்டவள் நாற்பத்தாறாவது வயதில், முன்பக்கமாக மட்டுமே போகத் தெரிந்த ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினாள்.

வாங்காமல் முடியாது. இப்போது அவள் வெறும் நடவுக்காரி இல்லை. பதினாறு பெண்கள் கொண்ட குழுவுக்குத் தலைவி. அம்மாபேட்டை, நீடாமங்கலம் என்று ஊர் ஊராகப் போய், நிலத்துக்காரர்களிடம் பேசி, வேலிக்கணக்கில் நடவை மொத்தமாக எடுத்துச் செய்கிறாள். ஒரு வேலி என்றால் ஆறரை ஏக்கருக்கும் மேல். மினிபஸ்ஸுக்குக் காத்திருந்து அவள் போய்ச் சேருவதற்குள் நடவு மெஷின்காரர் பைக்கில் வந்து பேசி முடித்துவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போயிருப்பார். அதனால்தான் வண்டி.

வண்டி ஓட்ட ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ்தான் இழுத்தது. முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டாள். இரண்டாம் தடவை எட்டின் பாதியோடு திருப்தி அடைந்து, பூஜ்யம் போட்டுவிட்டு நேராக இன்ஸ்பெக்டரிடம் வந்து நின்றாள். மூன்றாம் தடவை போட்ட எட்டை அச்சில் எடுத்துக் காலண்டரில் போடலாம்.

"இந்தத் தடவை மட்டும் எப்படிம்மா?"

"வேண்டிக்கிட்டேன்" என்றாள். என்னவென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்தது ஹெல்மெட். எங்கள் தெருவில் முதன்முதலாக டிகிரி முடித்தவன் நான்தான். பி.எஸ்ஸி. இயற்பியல். அதனால் லேபிள் ஒட்டிய எந்தப் பொருளாக இருந்தாலும், அது மாத்திரையோ மண்வெட்டியோ, என்னிடம்தான் வரும். ஹெல்மெட்டும் வந்தது. ஏழு வீடியோ பார்த்தேன். ஒரு நோட்டில் குறிப்பெடுத்தேன். பிறகு ஒரு தேங்காயையும், டிவி வந்த பெட்டியிலிருந்து பிய்த்த தெர்மாகோலையும் வைத்துக்கொண்டு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வகுப்பெடுத்தேன்.

"அடியைத் தாங்குறது உள்ள இருக்கிற இந்தத் தெர்மாகோல்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும், தலைக்குப் பொருந்தணும், வார் பூட்டணும். அவ்வளவுதான். ஆயிரத்து நூறு ரூபாய்ல முடிஞ்சிரும். அதுக்கு மேல குடுக்கிற காசெல்லாம் பெயிண்டுக்கும் காத்துக்கும்."

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "உன் ஹெல்மெட் எவ்வளவுடா புகழு?"

"தொள்ளாயிரம்."

"ஐ.எஸ்.ஐ.யா?"

"பின்ன?"

"இப்ப ரோட்டுலேருந்து வந்தியே, எங்க போட்டுருந்தே?"

நான் என் இடது கையைப் பார்த்தேன். ஹெல்மெட் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்வது, உள்ளே ஒரே புழுக்கம், காது மடங்கிக்கொள்ளும்.

"முழங்கைக்கு நல்ல பாதுகாப்புதான்" என்றாள் அம்மா. அப்பா மருதையனுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது.

மறுநாள் தஞ்சாவூர் கீழவாசலில் சலாஹுதீன் பாய் கடைக்குப் போனோம். சுவர் முழுக்க ஹெல்மெட். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, காதருகே வைத்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா பாக்குறீங்க?" என்றார் பாய்.

"சத்தம் பாய். பானை வாங்குனா தட்டிப் பாக்க மாட்டமா?"

"இது பானை மாதிரி இல்லம்மா. அடி விழுந்தா இது ஒடையணும். தான் ஒடைஞ்சு தலையைக் காப்பாத்தணும்."

"ஒடைஞ்சா திருப்பி எடுத்துக்குவீங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் அம்மாவின் கண்ணில் அது பட்டது. செவ்வரளி நிறம். நெற்றியில் காற்றுப் போக இரண்டு துவாரம். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. நாற்றுமுடிக் கட்டைத் தூக்கி வைப்பதுபோல இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்தாள். கண்ணாடி முன் போய் நின்றாள். நாற்பத்தாறு வயதில் என் அம்மா தனக்கென்று ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எவ்வளவு பாய்?"

"ஆறாயிரத்து இருநூறு."

நான் பாய்ந்தேன். "அம்மா, ஆயிரத்து நூறு ரூபாய் ஹெல்மெட்டும் இதே மாதிரி பரீட்சைல பாஸானதுதான்!"

"நீயும் பாஸ்தான், உன்கூடப் படிச்சு முப்பத்தஞ்சு மார்க்குல தப்பிச்சவனும் பாஸ்தான். ரெண்டு பேரும் ஒண்ணாடா?"

நான் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பாய் அளவு நாடாவை எடுத்தார். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. வயலில் தொங்கினால் சேற்றில் புரளும் என்று, பின்னி, தலையைச் சுற்றிச் சுருட்டி வைத்திருப்பாள்.

"முடியை இறக்கி விட்டுட்டு வாங்கம்மா. அப்பத்தான் சரியான அளவு கெடைக்கும்."

"முடி என்ன கடையில வாங்குனதா பாய், கழட்டி வெக்கிறதுக்கு? எப்பவும் இப்படித்தான் இருக்கும். அதுவே எனக்குச் சும்மாடு."

பாரம் தூக்கும்போது துணியைச் சுருட்டித் தலையில் வைப்பார்களே, அந்தச் சும்மாடு. பாய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சுமை தூக்கியே காய்ப்பேறிய தலைக்குத் தலையைப் பற்றிப் பாடம் எடுக்கக்கூடாது என்று விட்டுவிட்டார். முடியோடு அளந்தால் அறுபது சென்டிமீட்டர் வந்தது. அறுபதையே வாங்கினோம். குறுவை நடவில் சேர்த்த காசு அத்தனையும் அந்தச் சிவப்புக்குள் போயிற்று.

அதற்குப் பிறகு அம்மாவை வெறும் தலையோடு பார்ப்பது அரிதாகிவிட்டது. ரேஷன் கடை வரிசையிலும் ஹெல்மெட்டோடு நின்றாள். வயல் வரப்பில் பதினாறு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். குழுவிலேயே இளையவளான வள்ளியம்மை அதைப் போட்டுக்கொண்டு நாற்றங்காலில் நின்று எடுத்த படத்தை, துபாயில் இருக்கும் அவள் புருஷன் மூன்று நாள் முகப்புப் படமாக வைத்திருந்தான்.

ஆவணி பிறந்தது. அம்மாவின் முகம் வாடியது. ஆவணி ஞாயிறு என்றால் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். முதல் ஞாயிறு போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் அப்பாவிடம். "மூணாவது தடவை எட்டுப் போடறப்ப, ஒழுங்கா வந்துட்டா முடியைத் தர்றேன்னு மாரியாத்தாகிட்ட சொல்லிட்டேன்."

நான் மெல்ல அந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன். அறுபது.

"அம்மா, இதை ஏன் கடையிலயே சொல்லல?"

"அந்தச் செவப்பைப் பாத்ததும் மறந்துபோச்சுடா."

அப்பா தொண்டையைச் செருமினார். "பேசாம ஆத்தாளுக்கு ஹெல்மெட்டைக் குடுத்துட்டு முடியை நீ வெச்சுக்கயேன்."

"போய் வாயை அலம்பிட்டு வாங்க!"

"பூமுடி குடுத்துரலாம்மா" என்றேன் நான். "மூணு கொத்து நறுக்குனா போதும். நெறைய பேர் அப்படித்தான் செய்றாங்க."

"நான் மொட்டைன்னுதான் சொன்னேன். பூமுடின்னு சொல்லல. அவளுக்குக் காது நல்லாவே கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புன்னைநல்லூரில் மொட்டை. சந்தனம் பூசிய தலையோடு அம்மா பளபளவென்று வந்தாள். பத்து வயது குறைந்ததுபோலவும், ஏதோ ஆசிரமத்திலிருந்து தப்பித்து வந்ததுபோலவும் ஒரே சமயத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைப் போட்டாள். வலது பக்கம் திரும்பினாள். அம்மா திரும்பினாள்; ஹெல்மெட் திரும்பவில்லை. அது பாட்டுக்கு நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணிருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் காது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. நீடாமங்கலத்துக்கு உள்ளே, பஸ் போகாத ஊர் ஒன்றில் இருக்கும் சிங்காரவேலு. இரண்டு வேலி நிலத்துக்காரர்.

"வேம்பு, சம்பா நடவுக்கு மெஷின்காரர் நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றேன்னிருக்காரு. அதுக்கு முன்னால நீ வந்து பேசுனா உனக்கு. இல்லன்னா அவருக்கு."

"வந்துர்றேங்க" என்றாள் அம்மா.

இரண்டு வேலி என்றால் பதினாறு பேருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வேலை. கை விட முடியாது. செய்தி கேட்டு வள்ளியம்மையும் இன்னும் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். அம்மா தன் தொழில் அனுபவத்தை நம்பினாள். துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள். கோபுரத்தில் கலசம் நிற்பதுபோல அது உச்சியில் நின்றது. நெற்றி முழுக்க வெளியே.

"ஜம்முனு இருக்குக்கா" என்றாள் வள்ளியம்மை, சிரிப்பை அடக்க முடியாமல். "ஆடாம அசையாமப் போனா போதும்."

"இப்படிப் போட்டா போடாத மாதிரிதான்" என்றேன். "துண்டை எடும்மா. நான் ஒரு சோதனை பண்ணிக் காட்டுறேன்."

வீடியோவில் பார்த்தது. வாரைப் பூட்டிவிட்டு, பின்பக்கம் கை வைத்து மேலே தள்ள வேண்டும். கழன்று வந்தால் அது ஹெல்மெட்டே இல்லை. அம்மா எங்கள் வீட்டு வாசலை ஒட்டி ஓடும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்தாள். வாரைப் பூட்டினேன். தள்ளினேன். சந்தனம் வழுக்க, அது தலையை விட்டு எகிறி, வாய்க்காலில் விழுந்து, மூழ்காமல் ஆமைபோல மிதந்து, வந்த தண்ணீரோடு கிழக்கே கிளம்பிவிட்டது.

"ஐயோ, ஆறாயிரம் போவுதே!" என்று பெண்கள் அலறினார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோடு ஓடினார். நான் குறுக்கே ஓடினேன். இரண்டு வாத்துகள் அதற்குக் கூடவே துணைக்குப் போயின. பிள்ளையார் கோயில் படித்துறையில் கோரைப் புல் தடுத்து நிறுத்தாவிட்டால் திருவாரூர் வரைக்கும் போயிருக்கும். அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. ஈரத்தைப் பிழியலாம் என்று உள் மெத்தையைப் பிடித்து இழுத்தவர், 'டப், டப்' என்று சத்தம் கேட்டதும் வெளிறிப்போனார்.

"வேம்பு... பிச்சுட்டேன் வேம்பு!"

பின்னாலேயே ஓடிவந்திருந்த அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். வள்ளியம்மைகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நான் அந்த மெத்தையை வாங்கிப் பார்த்தேன். கிழியவில்லை. சட்டைக்கு வைப்பதுபோல பட்டன் வைத்திருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அட்டைப்பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை எடுத்து, நின்றபடியே படித்தேன். மெத்தையைக் கழற்றித் துவைக்கலாம். அதோடு, ஒரே வெளி ஓட்டுக்கு இரண்டு அளவில் மெத்தை உண்டு. தலைக்குத் தக்கபடி கம்பெனி மெத்தையையே மாற்றிக்கொள்ளலாம். பெரிய தலைக்கு மெல்லிசு, சின்னத் தலைக்குத் தடிப்பு.

"அம்மா, இதுக்கு வேற மெத்தை இருக்கு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். டிகிரி முடிவு வந்த அன்றைக்குக்கூட நான் அப்படிக் கத்தவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு பாய் கடை ஷட்டரைத் தூக்கும்போது நாங்கள் அதற்கு முன்னால் நின்றோம். வண்டியை நான் ஓட்டிவந்தேன். அம்மா, காதை நெரிக்கும் அப்பாவின் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள். அதைக் கழற்றியதும் பாய் ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாமல் விழித்தார்.

"முடியைக் கழட்டி வெச்சுட்டு வந்துருக்கேன் பாய். இப்ப அளந்துக்கங்க."

பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அளந்தார். ஐம்பத்தெட்டு. உள்ளே போய்த் தேடினார். மணி ஒன்பது நாற்பது. ஒரு பெட்டியில் இல்லை, இன்னொரு பெட்டியிலும் இல்லை. ஒன்பது நாற்பத்தைந்து. அம்மா கடை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். கடைசியில் பாய் மேல் தட்டிலிருந்து ஒரு பையோடு இறங்கி, மேல் மெத்தை, கன்ன மெத்தை எல்லாவற்றையும் பட்டன் பட்டனாக மாட்டினார்.

அந்த இடைவெளியில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பாய், உண்மையைச் சொல்லுங்க. அந்த ஆயிரத்து நூறு ரூபாய் ஹெல்மெட்?"

"அதுவும் நல்லதுதான் தம்பி. சரியான அளவுல போட்டா காப்பாத்தும். ஆனா உள்ள ஒட்டி வெச்சது, மாத்த முடியாது. தலை மாறுனா வேற வாங்கணும்." ஒரு விநாடி யோசித்தார். நேர்மையான மனிதர். "ரெண்டா வாங்குனாலும் இதைவிடக் கம்மியாத்தான் ஆகும்."

"பாத்தியாம்மா!"

"பாத்தேன். ரெண்டு வாங்கி ரெண்டையும் வண்டிக் கண்ணாடில மாட்டிக்கிட்டுப் போறதுக்கா? ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம் என் தலையில இருக்கப் போவுது. காது நோவாம, வேர்வை வழியாம இருந்தாத்தான் போடுவேன். போட்டாத்தானடா அது ஹெல்மெட்டு."

உண்மையைச் சொல்ல வேண்டும். ஏழு வீடியோவில் ஒருவரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஆறாயிரம் வேண்டாம். அதை நான் இன்றைக்கும் சொல்வேன். கல்லூரி வாசல் வரைக்கும் போய் வருகிறவனுக்கு ஆயிரத்து நூறு தாராளம். நாள் முழுக்கக் கப்பிச் சாலையில் ஊர் ஊராகச் சுற்றுகிற என் அம்மாவுக்கு அந்த மிச்ச ஐயாயிரம் வீண் இல்லை. இதை அன்றைக்கு அவளிடம் சொன்னேனா என்றால், இல்லை. டிகிரி வாங்கியவனுக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

அம்மா ஹெல்மெட்டை மாட்டினாள். வாரைப் பூட்டினாள். பாய் பின்பக்கம் கை வைத்து மேலே தள்ளினார். அசையவில்லை. முன்னாலிருந்து தள்ளினார். அம்மாவின் புருவம்தான் ஏறி இறங்கியது. இடது பக்கம் திரும்பினாள், ஹெல்மெட்டும் திரும்பியது. வலது பக்கம் திரும்பினாள். வலது பக்கமும் வந்தது. அம்மா அப்படியே கடைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"மணி பத்து ஆவப் போவுது, வாடா!" என்று வெளியே ஓடினாள்.

வெயில் கொஞ்சம் ஏறியிருந்தது. வண்டியைக் கிளப்பினாள். நான் பின்னால் நின்று என் தொள்ளாயிரத்தின் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அது எப்போதும் மூன்றாவது தடவைதான் விழும். இரண்டாவது தடவை தவறிக் குனிந்து, நிமிர்ந்து பார்த்தேன். வண்டி இல்லை.

"அம்மா! அம்மா!" என்று கீழவாசல் சாலையில் ஓடினேன். செவ்வரளி நிறம் ஒரு தண்ணீர் லாரியைத் தாண்டி, ஒரு ஷேர் ஆட்டோவைத் தாண்டி, மறைந்தது. நல்ல ஹெல்மெட்டுக்குள் பின்னாலிருந்து கூப்பிடும் சத்தம் அவ்வளவாகப் போகாது போல. ஐம்பது கிலோ நாற்றுக்கட்டைச் சுமந்தவளுக்கு, பின்சீட்டில் நான் இருப்பதும் இல்லாததும் எடையில் தெரிந்திருக்காது.

பாய் எனக்கு டீ வாங்கித் தந்தார். பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது.

"புகழு! ரெண்டு வேலியும் நமக்குத்தான்டா! ஹெல்மெட்டோட போய் எறங்குனேனா, யாரோ விவசாய ஆபீசர்னு நெனச்சு நாக்காலி எடுத்துப் போடச் சொல்லிட்டாரு. கழட்டுனா மொட்டை. ஒரு நிமிஷம் அப்படியே பாத்தாரு. நான்தான்னு தெரிஞ்சதுக்கப்புறமும், 'உக்காருங்க வேம்பு'ன்னாருடா. உக்காந்துதான் பேசுனேன். மெஷின்காரர் வந்து நின்னுக்கிட்டே இருந்தாரு."

பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. கீழவாசலிலிருந்து நீடாமங்கலம் வரைக்கும், ஹெல்மெட் எப்படிப் பொருந்துகிறது, காற்று எப்படிப் போகிறது, அடுத்த நடவுக்கு வள்ளியம்மைக்கும் ஒன்று வாங்கலாமா என்று, வழி நெடுக என்னிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறாள். நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லையாம். தோற்றுப்போன கோபத்தில் உம்மென்று வருகிறான் என்று நினைத்துக்கொண்டாளாம்.

"எறங்கித் திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். நீ எங்கடா விழுந்தே?"